இடது பின் சக்கரத்தில் ஒரு சத்தம்

எங்கள் ஜீப்பில் ஒரு சத்தம் வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. பூம்பாறையில் தொடங்கி, கொடைக்கானல், பெருமாள்மலை, கடைசியில் பழனி வரை கொண்டுபோய்க் காட்டினோம். அத்தனை நாளும் அது எதனால் வந்தது என்று எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது. ஓரளவு என்று எழுதுவதும் நழுவல்தான். எனக்குத் தெரியும்.

ஜீப் என் கணவர் எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் வாங்கியது. பின்பக்கம் இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பழைய மாதிரி ஸ்பிரிங். பூம்பாறையில் எங்களுக்கு இருக்கும் அடுக்கு வயலில் விளையும் கேரட்டும் பூண்டும் இத்தனை வருஷமாக அதில்தான் கொடைக்கானலுக்குப் போயின. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கண்ணில் அழுத்த நோய் வந்தது. நேராகப் பார்த்தால் தெரியும். இரண்டு ஓரமும் இருண்டுவிட்டது. இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. வேலையை விட்டுவிட்டு வந்தேன். வண்டியை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தபோது, நான் ஓட்டுகிறேன் என்றேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

"மலை ரோட்டுல பொம்பள ஓட்டுறதெல்லாம் சரிப்படாது" என்றார் கணவர். கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார்.

எனக்காகப் பேசியது என் கொழுந்தன் ஒருவன்தான். கணவரின் தம்பி, எங்கள் வயலுக்கு இரண்டு அடுக்கு கீழே அவன் வயல். "ஏண்ணே, ஓட்டுறது யாருன்னு ரோட்டுக்குத் தெரியுமா? மதினி ஓட்டும். நான் பொறுப்பு" என்றான். டீக்கடை முன்னால் நாலு பேர் கேட்கச் சொன்னான். தினமும் வெள்ளனே ஐந்தரைக்கு வந்து, மன்னவனூர் போகும் ரோட்டில் ஒரு சமமான இடத்தில் எனக்குக் கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்தான். இரண்டு மாதம் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. நான் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி நிறுத்தி அணைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஹாரன் அடித்த டெம்போக்காரனிடம் இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தான். லைசன்ஸ் வாங்கிய அன்று கணவர் முன்சீட்டில் உட்கார்ந்து கொடைக்கானல் வரை வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய பாராட்டு.

அடுத்து வந்த ஐப்பசியில் நான் பாலத்துக் கல்லில் இடித்தேன்.

காலை ஏழு மணி இருக்கும். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. பின்னால் பதினோரு மூட்டை கேரட். வண்டியில் நான் மட்டும். ஒரு வளைவில் எதிரே பஸ்ஸின் மஞ்சள் விளக்கு திடீரென்று பக்கத்தில் தெரிந்தது. இடப்பக்கம் ஒடித்தேன். பஸ் உரசாமல் போய்விட்டது. முன்சக்கரம் தப்பியது, பின்சக்கரம் சிறு பாலத்தின் ஓரக் கல்லில் 'தொம்' என்று மோதி ஏறி இறங்கியது. மூட்டைகள் ஒருமுறை எழும்பி உட்கார்ந்தன.

இறங்கிப் பார்த்தேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கரத்தின் உள்விளிம்பில் பாலத்துக் கல்லின் சுண்ணாம்பு வெள்ளையாக அப்பியிருந்தது. ஓரத்தில் நனைந்து கிடந்த புல்லைப் பிடுங்கி அதைத் துடைத்தேன். போகவில்லை. சாக்குத் துண்டு ஒன்றை ஓடைத் தண்ணீரில் நனைத்து வந்து, குனிந்து, தடம் தெரியாமல் போகும்வரை தேய்த்தேன். அப்புறம் லாரி செட்டுக்குப் போய் மூட்டையை இறக்கிவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வண்டியில் எந்தச் சத்தமும் இல்லை.

வகுப்பில் ஏதாவது உடைந்தால், செய்தது யார் என்று கேட்டு, கை தூக்கும்வரை காத்திருக்கும் டீச்சர் நான். இருபத்தாறு வருஷம் அப்படிக் காத்திருந்திருக்கிறேன். ஆனால் அன்று சாயங்காலம் கணவர் "பனி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டபோது, "இருந்துச்சு. மெதுவாப் போயிட்டு வந்தேன்" என்றேன். சொன்னால் வண்டியை விற்றுவிடுவார் என்று பயந்தேன். "நான் பொறுப்பு" என்று சொன்ன கொழுந்தனுக்கும் தலைகுனிவாகிவிடும் என்று நினைத்தேன். அந்த இரண்டாவது காரணத்தை நினைத்தபோது எனக்கே என்னைப் பற்றி நல்லவிதமாகத் தோன்றியது.

மூன்று வாரம் போயிற்று. கார்த்திகை முதல் முகூர்த்தத்தில் கொழுந்தனின் சின்ன மகளுக்குப் பழனியில் காதுகுத்து. குடும்பத்தோடு போக ஜீப்பைக் கேட்டு வந்தான். சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"மதினி, வண்டி நல்லாத்தான கெடக்கு? மலை இறங்கணும், அதான் கேக்கேன்" என்றான்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. நேத்துகூட லோடு ஏத்திட்டுப் போனேன்."

அப்படிச் சொன்னபோது பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கல்லை நான் அதற்குள் மறந்திருந்தேன், அல்லது மறந்த இடத்தில் வைத்திருந்தேன். அவன், அவன் மனைவி, மாமியார், நாலு பிள்ளைகள் என்று ஏழு பேர் போனார்கள். அன்று இரவே திரும்பி வந்து, பஞ்சாமிர்த டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். சின்னவள் காதில் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. அழவே இல்லை என்று பெருமையாகச் சொன்னாள்.

மறுநாள் கணவரை அழைத்துக்கொண்டு கொடைக்கானல் மருந்துக் கடைக்குப் போனேன். இறக்கத்தில் ஒரு வளைவில் பிரேக் போட்டேன். பின்னால் எங்கோ 'டொக்' என்றது.

"நிறுத்து" என்றார்.

கண் மங்க மங்க அவருக்குக் காது கூர்மையாகியிருந்தது. இஞ்சினில் ஒரு மாறுதல் வந்தால் எனக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். மறுபடி ஓட்டச் சொன்னார். சமதளத்தில் சத்தம் இல்லை. ஏற்றத்தில் இல்லை. இறக்கத்தில் பிரேக் போட்டால் ஒரு 'டொக்'. பிரேக்கை விட்டால் கொஞ்சம் மெதுவாக இன்னொன்று. நம் கதவை யாரோ விரல் மடக்கித் தட்டுவது போல.

"எதுலயோ தட்டியிருக்கான்" என்றார்.

என் கை ஸ்டியரிங்கில் இருந்தது. எனக்கு அந்தப் பாலத்துக் கல் அப்போதே நினைவுக்கு வந்துவிட்டது. அதை மட்டும் இங்கே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

வீடு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டு விட்டார். "ஏலே, பழனிப் பாதையில எங்க தட்டுன?" என்று கேட்டார்.

"எங்கயும் தட்டலண்ணே."

"பெறகு சத்தம் எங்கிருந்து வருது?"

"நான் வாரப்பவும் லேசா ஒரு சத்தம் கேட்டுச்சு. ஜாக்கி உருளுதுன்னு நெனச்சேன். சத்தியமா தட்டலண்ணே."

கணவர் என் பக்கம் திரும்பினார். "போன வாரம் நீ ஓட்டுனப்ப சத்தம் இருந்துச்சா?"

"இல்ல" என்றேன். அது உண்மை. அந்த உண்மையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதோடு விட்டிருந்தாலும் போகட்டும். "ஏழு பேர ஏத்திக்கிட்டு மலை ஏறி இறங்குனா பழைய வண்டி என்ன செய்யும்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

கொழுந்தன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்க்கப் போவது போல உள்ளே போனேன்.

அதிலிருந்து அந்தச் சத்தத்தைத் தேடுவதே எங்கள் வீட்டில் முழுநேரச் சோலியாயிற்று. முதலில் ஜாக்கி, ஸ்பேனர் பை, உதிரிச் சக்கரம் எல்லாவற்றையும் இறக்கி வைத்து ஓட்டிப் பார்த்தோம். சத்தம் இருந்தது. பின்சீட்டைக் கழற்றினோம். இருந்தது. கணவர் பின்னால் தகரத் தரையில் கம்பளி விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டார். காதைத் தகரத்தில் வைத்தார். பள்ளிக்கூட இறக்கத்தில் நான் ஐந்து முறை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் "இடது… இடது… பின்னால… இன்னொருக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் எழுந்து உட்கார்ந்தபோது நெற்றியில் தகரத்தின் கோடு பதிந்திருந்தது. "இடது பின் சக்கரம். அதுல சந்தேகமே இல்ல" என்றார். அவ்வளவு சரியாகச் சொன்னார். எந்தச் சக்கரம் என்று அவர் கண்டுபிடிக்கப் பட்ட பாட்டை, முன்சீட்டில் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு கொழுந்தன் தானாகவே வந்தான். தான் தட்டவில்லை என்று சொன்னவன், வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஈரத்தரையில் சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்தான். ஸ்பிரிங் பட்டையின் இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் என்று இருக்குமே, அது தேய்ந்து போயிருக்கும் என்று புதிதாக வாங்கி வந்திருந்தான். மூன்று மணி நேரம். வெளியே வந்தபோது முழங்கை இரண்டும் உரிந்திருந்தது. ஓட்டிப் பார்த்தோம். முதல் இறக்கத்தில் அமைதி. இரண்டாவதில் 'டொக்'.

"ஒப்புக்கு மாட்டியிருக்கான்" என்றார் கணவர், அவன் காதுபட.

நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் அவன் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு அவன் எங்கள் ஜீப்பைக் கேட்கவில்லை. அவன் கேரட் மூட்டை வேறு வண்டியில் போனது. கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போனான். வழியில் பார்த்தால் சிரிப்பான், நின்று பேசமாட்டான். எங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தரம் வந்துகொண்டிருந்தவன்.

கொடைக்கானலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஷாக் அப்சார்பர் மாற்றினார்கள். சத்தம் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் ஓட்டிப் பார்த்தது ஏரியைச் சுற்றிச் சமமான ரோட்டில். வீடு வருவதற்குள் திரும்பிவிட்டது. பெருமாள்மலையில் ஒருவர், சத்தம் பின்னால் கேட்டாலும் வருவது முன்னாலிருந்துதான் என்று விளக்கி, கியர்பாக்ஸ் தாங்கி ரப்பரை மாற்றினார். எந்த இடத்திலும் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, எங்கேயாவது இடித்தீர்களா என்பதுதான். ஒவ்வொரு முறையும் கணவரே பதில் சொல்லிவிடுவார்: "தம்பி கொண்டு போனான். தட்டலங்கிறான்." அந்த 'ங்கிறான்' என்ற சொல்லை அவர் அழுத்தும் விதத்தைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். ஒரு இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். இடத்துக்கு இடம் அது கனமாகிக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு திட்டு. இப்போது சொன்னால் இத்தனை நாள் சொல்லாததற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படி நினைத்தே இன்னொரு நாளைத் தள்ளுவேன்.

பழைய ஜீப் வேலைக்குப் பழனியில் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். தைப்பூசக் கூட்டம் கலைந்து ரோடு காலியானபிறகு போகலாம் என்று கணவர் முடிவு செய்தார். தம்பியையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். "அவன் முன்னாலயே பாத்துரட்டும்" என்றார். அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். நினைத்தது அல்ல, வேண்டிக்கொண்டேன். அவன் வந்தான். பின்சீட்டில் உட்கார்ந்து பழனி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

அந்த மெக்கானிக்குக்கு அறுபது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் ஒரு சாக்குக்கட்டி. அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால், "சத்தம் எப்ப வருதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எப்ப வரலைன்னு சொல்லுங்க" என்றார். சமதளத்தில் வரவில்லை, ஏற்றத்தில் வரவில்லை, பிரேக் போடாமல் உருண்டால் வரவில்லை என்று கணவர் சொன்னார். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். என் பக்கத்தில் ஏறிக்கொண்டு, அடிவாரத்து முதல் வளைவு வரை போய்வரச் சொன்னார். திரும்பி வந்ததும் ஒரு சணல் கயிற்றை எடுத்தார்.

கயிற்றின் ஒரு முனையை வலது முன்சக்கரத்தின் நடுவில் வைத்து, பின்சக்கரத்தின் நடுவரை இழுத்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டார். அதே கயிற்றை இடது பக்கம் கொண்டுவந்து பிடித்தார். முடிச்சு சக்கரத்தின் நடுவுக்கு எட்டாமல் இரண்டு விரல்கடை முன்னாலேயே நின்றது.

"பாத்தீங்களா. இந்தப் பக்கத்துச் சக்கரம் பின்னால நகந்திருக்கு. அச்சு எடம் மாறிக் கெடக்கு" என்றார்.

ஸ்பிரிங்கைப் பிரித்தார்கள். பட்டைகளை எல்லாம் நடுவில் கோத்து, அச்சு நகராமல் பிடித்திருக்கும் ஒரு போல்ட் உண்டாம். மேலே பார்த்தால் அதன் தலை ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. உள்ளே இரண்டு துண்டாகிவிட்டிருந்தது. மேல்துண்டை எடுத்து என் கையில் வைத்தார். உடைந்த முகம் துருவேறிச் சிவந்திருந்தது. பிறகு இடது பின்சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, உள்விளிம்பில் விரலை ஓட்டினார். நான் சுண்ணாம்பைத் தேய்த்தேனே, அதே இடத்தில் விரல் நின்றது. "இங்க நெளிஞ்சிருக்கு பாருங்க. கல்லுல இடிச்சிருக்கு. நல்ல லோடோட இடிச்சிருக்கு. அன்னைக்கே போல்ட்டு விட்டிருக்கும். பட்டையையும் அச்சையும் சேத்துக் கட்டுன கிளாம்ப்பு இறுக்கமா இருந்ததால கொஞ்ச நாள் சத்தம் இல்லாம ஓடியிருக்கும். அப்பறம் மலை இறக்கத்துல ஆட ஆட லூசாயிருச்சு" என்றார். "யாரு ஓட்டுனது?"

கணவர் சற்றுத் தள்ளி மரப்பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை எங்கள் பக்கம் திருப்பியிருந்தார். அந்த வண்டியை ஓட்டுகிறவர்கள் இரண்டே பேர். தான் இடிக்கவில்லை என்று கொழுந்தனுக்குத் தெரியும். அவன் நெளிந்த விளிம்பைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அதிகமாக ஒரு நொடி இருக்கும். என் முகத்தில் என்ன இருந்ததோ, அதை அவன் படித்துவிட்டான்.

"நாந்தாங்க" என்றான். "காதுகுத்துக்கு வந்தப்ப தட்டுனது. பயந்துக்கிட்டுச் சொல்லல."

நான் பேச வாய் எடுத்தேன் என்று எழுத ஆசைதான். எடுக்கவில்லை. போல்ட் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கணவர் பெஞ்சிலிருந்தே சொன்னார்: "இத அன்னைக்கே சொல்லியிருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? மூணு மாசமா எத்தன பேரு அடியில படுத்துப் பாத்தாங்க. ஒரு மனுசன் இவ்வளவு நாளா எப்படிடா வாயத் தொறக்காம இருக்க முடியும்?"

"தப்புத்தாண்ணே" என்றான் அவன்.

புது போல்ட் போட்டு, அச்சைச் சரியாக உட்கார வைத்து, மத்தியானம் இரண்டு மணிக்கு வண்டியைக் கொடுத்தார்கள். மலை ஏறினோம். சவரிக்காட்டைத் தாண்டி ஒரு சின்ன இறக்கத்தில் கணவர் பிரேக் போடச் சொன்னார். போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குச் சந்தோஷம். அந்த மெக்கானிக்கின் கயிறு வைத்தியத்தைப் பற்றிக் கொடைக்கானல் வரும்வரை பேசினார். பேசியது என்னிடம் மட்டும். கொழுந்தன் கொடைக்கானலிலேயே இறங்கிக்கொண்டான். கொஞ்சம் சோலி இருக்கிறது, பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றான்.

நான் சொல்வதற்கு ஒன்பது நாள் ஆனது. காலையில் கணவருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது என் வேலை. விட்டபிறகு ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். ஒன்பதாவது நாள், அவர் கண்ணை மூடியதும், "கல்லுல இடிச்சது நான்" என்றேன்.

ஐப்பசி, பனி, பஸ், சுண்ணாம்பு, சாக்குத் துண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிடம் முடிந்தது. பத்து நிமிடமும் ஆகியிருக்கும். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அவன் முகத்தப் பாத்து நான் என்னென்ன சொன்னேன்" என்றார். பிறகு, "எனக்குக் கண்ணு தெரியாததால எதுவும் தெரிய வேணாம்னு விட்டுட்டியோ" என்றார்.

அப்படி இல்லை என்றேன். ஆனால் அப்படி இல்லை என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. அவர் கண் நன்றாக இருந்திருந்தால் அந்தச் சக்கரத்தை அவரே அன்று பார்த்திருப்பார். நான் அதைத் துடைத்திருக்கவே மாட்டேன்.

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, அவன் வயலுக்குப் போகணும்" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு அடுக்கு அடுக்காக இறங்கினார். கொழுந்தன் பூண்டுப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். கையை மண்ணோடு வேட்டியில் துடைத்தான்.

"தப்பு எம்மேலடா" என்றார் கணவர். அவர் தம்பியிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"விடுண்ணே. சத்தம் நின்னுச்சுல்ல" என்றான்.

எதற்காக என் பழியை எடுத்துக்கொண்டாய் என்று நான் அவனிடம் கேட்டேன். "தெரிஞ்சா அண்ணன் வண்டிய வித்துரும். பெறகு மதுரைக்கு ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போவா? அதான் சொன்னேன்" என்றான். பெரிய விஷயமாக அவன் அதை நினைக்கவில்லை. என்னை மன்னித்துவிடு தம்பி, உன்மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன் என்றேன். அழுதேன். அழுததுகூட எனக்கு ஒரு வசதியாகத்தான் இருந்தது.

அவன் குனிந்து களைக்கொத்தைக் கையில் எடுத்தான்.

"பழியெல்லாம் ஒண்ணும் இல்ல மதினி. அண்ணன் என்னைய எத்தனையோ பேசியிருக்கு. நான் உங்ககிட்டக் கேட்டேன். வண்டி நல்லாக் கெடக்கான்னு கேட்டேன்ல. மலை இறங்கணும்னு சொல்லித்தான் கேட்டேன்." குரல் உயரவே இல்லை. "ஏழு பேரு போனோம். நாலு பேரு புள்ளைங்க. இறக்கத்துல அச்சு மொத்தமா கழண்டு போயிருந்தா என்ன ஆயிருக்கும்? நீங்க சொல்லியிருந்தா நானே ஜாக்கிய எடுத்துட்டு வந்திருப்பேன். யாருகிட்டயும் சொல்லியிருக்கமாட்டேன்."

இதை நான் நினைக்கவே இல்லை. மூன்று மாதமாக இரவும் பகலும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவும் என் பொய்யைப் பற்றி, என் பேரைப் பற்றி, என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதைப் பற்றி. அந்தப் பிள்ளைகள் உடைந்த போல்ட்டின் மேல் உட்கார்ந்து பழனி மலைப் பாதையில் போய்வந்தார்கள் என்பது ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. சின்னவள் அழவில்லை என்று சொன்ன அந்த இரவு, அவள் வீடு வந்து சேர்ந்ததே பெரிது. கணவர் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, பாத்தியின் வரப்பில் தானாகவே தடவி உட்கார்ந்தார்.

கொழுந்தன் இப்போது வீட்டுக்கு வருகிறான். சித்திரை வருஷப் பிறப்புக்கு எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். கணவர் அவனிடம் முன்னைவிட மெதுவாகப் பேசுகிறார். வண்டியை விற்கவில்லை. நான் ஓட்டுவதைப் பற்றியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை அடியில் பார்க்கச் சொல்லி வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகிறேன்; ஏதாவது கிளையில் உரசினால்கூட வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடுகிறேன். கணவர் "சரி" என்பார். அந்தச் சரியில் என்ன இருக்கிறது என்று நான் துருவுவதில்லை.

அவன் மனைவி என் ஓரகத்தி. என்னிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. போன மாதம் ஒரு காலை, நல்ல மழை. கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் நிறுத்தத்தில் அவளும் சின்னவளும் ஒரே குடைக்குள் நின்றார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கு நேரமாகியிருந்தது. வண்டியை ஓரம்கட்டி, இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க, வழியில இறக்கி விட்டுர்றேன்" என்றேன். சின்னவள் ஒரு கால் எடுத்து வைத்தாள். அவள் அம்மா மெதுவாகப் பிள்ளையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பஸ்சு இப்ப வந்துரும்க்கா. நீங்க போங்க, உங்களுக்கு லேட்டாயிரும்" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சரிம்மா என்றேன். எட்டிக் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.